பிறந்த வீடும் புகுந்த வீடும்

சென்ற ஆண்டு பழைய மாணவர் கூட்டத்தில் மதிய உணவு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். 1996 பேட்ச் சீனியர் ஒருவர் தோளைத் தட்டினார். "தம்பி, நீங்க கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே? ஒரு உதவி வேணும்" என்று பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்தார். இறுதியாண்டில் அவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட் அதில் இருந்தது. ஹாஸ்டல் மெஸ் பில் போடும் ப்ரோகிராம். விண்டோஸ் 3.1-க்காக, விஷுவல் பேசிக் 3-இல் எழுதியது. ஃப்ளாப்பியில் இருந்ததை எப்போதோ சி.டி.க்கு மாற்றி வைத்திருக்கிறார்.

"இப்ப இருக்கற லேப்டாப்ல க்ளிக் பண்ணா, இது இந்த கம்ப்யூட்டர்ல ஓடாதுங்குது. அவ்வளவுதானா? செத்தே போச்சா?"

"இல்லைங்கண்ணே, ஓட வெச்சிடலாம்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது இதைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. ஓர் இயங்குதளத்துக்காக எழுதிய மென்பொருளை வேறோர் இயங்குதளத்தில் ஓட்டுவதற்கு நாற்பத்தைந்து ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் கெட்டிக்காரத்தனமும் உண்டு, கோர்ட் படியேறிய கதையும் உண்டு.

முதலில் கொஞ்சம் அடிப்படை. மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒரு ப்ரோகிராம் இரண்டு பேரோடு பேசுகிறது. ப்ராசஸரோடு பேசுவது ஒன்று: இந்த எண்ணையும் அந்த எண்ணையும் கூட்டு, எது பெரிது என்று பார், அங்கே தாவு. ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு பேசுவது இன்னொன்று: இந்த ஃபைலைத் திற, திரையில் ஒரு ஜன்னல் போடு, எனக்குக் கொஞ்சம் மெமரி கொடு. ஒரே இன்டெல் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருந்தால் என்ன, லினக்ஸ் இருந்தால் என்ன, முதல் பேச்சு மாறாது. கூட்டல் கூட்டல்தான். இரண்டாவது பேச்சுதான் வீட்டுக்கு வீடு மாறும். பிறந்த வீட்டில் பழகிய பேச்சைப் புகுந்த வீட்டில் யாராவது புரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பழைய கம்ப்யூட்டர் முழுவதையுமே பொய்யாக உருவாக்கிவிடலாம். அந்த வழி நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீலத் திரை, மஞ்சள் எழுத்து, கண்ட்ரோல்-எஃப்9. டர்போ சி. போர்லாண்ட் நிறுவனம் 1990-இல் டர்போ சி++ வெளியிட்டபோது நான் தவழ்ந்துகொண்டிருந்தேன். அதிலேயேதான் முதலாண்டு ரெக்கார்டும் எழுதினேன்! மூன்றாம் ஆண்டில் லேபுக்கு 64-பிட் விண்டோஸ் 7 போட்ட புது மெஷின்கள் வந்தன. டர்போ சி திறக்கவில்லை. 64-பிட் முறையில் ஓடும்போது, 386 காலம் தொட்டு பழைய டாஸ் ப்ரோகிராம்களுக்கென ப்ராசஸரில் இருந்த 'வர்ச்சுவல் 8086' வசதி கிடையாது. மைக்ரோசாஃப்டும் 64-பிட் விண்டோஸில் 16-பிட் ப்ரோகிராம்களைக் கைவிட்டுவிட்டது. லேப் அண்ணன் ஒரு பென்டிரைவோடு வந்து ஒவ்வொரு மெஷினிலும் டாஸ்பாக்ஸ் போட்டார், மறுநாள் நீலத் திரை திரும்பி வந்தது. 2002-இல் முதலில் வெளியான டாஸ்பாக்ஸ், ப்ராசஸர், சவுண்ட் கார்டு, டாஸ் எல்லாவற்றையும் மென்பொருளாலேயே நடித்துக்காட்டும். நல்ல வழிதான். ஆனால் ஒவ்வொரு கட்டளையையும் இடையில் ஒருவர் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் அடிபடும். டாஸ் காலத்து ப்ரோகிராமுக்கு அது ஒரு பொருட்டில்லை. இன்றைய கனமான மென்பொருளுக்குக் கட்டுப்படியாகாது.

நான் சொல்ல வந்தது இன்னொரு வழியின் கதை. ப்ராசஸரோடு நடக்கும் பேச்சில் தலையிடாமல், ஆபரேட்டிங் சிஸ்டத்தை நோக்கி வரும் வேண்டுகோள்களுக்கு மட்டும் வேறொருவர் பதில் சொல்வது.

இது டாஸுக்கும் முந்திய கதை. சொல்லப்போனால் டாஸ் பிறந்ததே இப்படித்தான். 1970-களின் பிற்பகுதியில் சிறு கம்ப்யூட்டர்களில் கோலோச்சியது கேரி கில்டாலின் சி.பி.எம். (கட்சியை நினைக்க வேண்டாம், இது ஆபரேட்டிங் சிஸ்டம்.) அது இன்டெல் 8080 போன்ற 8-பிட் ப்ராசஸர்களுக்கானது. சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் என்ற சிறு கம்பெனி 16-பிட் 8086-க்கு ஒரு போர்டு செய்தது. அதற்கான சி.பி.எம். வந்து சேரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, அங்கே வேலை பார்த்த டிம் பேட்டர்சன் 1980-இல் தாமே ஒன்றை எழுதினார். சி.பி.எம்.மிடம் ப்ரோகிராம்கள் எந்த எண்ணைச் சொல்லி எதைக் கேட்குமோ, அதே எண்ணில் அதையே கேட்கலாம்படி அமைத்தார். 8080 ப்ரோகிராமை இயந்திரத்தனமாக 8086-க்கு மாற்றினால் பெரிய திருத்தமில்லாமல் ஓட வேண்டும் என்பது நோக்கம். 1981 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கியது. ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி.யோடு வெளிவந்தது.

அந்தத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. பெயருக்கு எட்டு எழுத்து, வாலுக்கு மூன்று எழுத்து என்ற ஃபைல் பெயர் வழக்கம் சி.பி.எம்.மிலிருந்து வந்தது. 'காம்' வகை ப்ரோகிராம்கள் மெமரியில் 256-ஆம் பைட்டிலிருந்து தொடங்குவதும் அங்கிருந்துதான். அதற்கு முன்னால் உள்ள இடத்தில், ஐந்தாம் பைட்டில், சி.பி.எம். முறையில் அழைப்பவர்களுக்காக ஒரு கதவை டாஸ் கடைசிவரை வைத்திருந்தது. யாரும் தட்டாத கதவு. ஆனாலும் இடிக்கவில்லை.

காலம் திரும்பியது. கில்டாலின் டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனி, இப்போது மைக்ரோசாஃப்ட் டாஸின் ப்ரோகிராம்களை ஓட்டக்கூடிய டி.ஆர். டாஸை 1988-இல் கொண்டுவந்தது. விண்டோஸும் அதன் மேல் ஓடியது. 1991 கடைசியில் சோதனைக்கு வெளிவந்த விண்டோஸ் 3.1 பதிப்பில், அடியில் இருப்பது மைக்ரோசாஃப்டின் டாஸ்தானா என்று துழாவிப் பார்த்து, இல்லையென்றால் மிரட்டலான ஒரு பிழைச் செய்தி காட்டும் சிறு பகுதி இருந்தது. யாரும் படித்துவிடக் கூடாதென்று அதைக் குழப்பி மறைத்தும் வைத்திருந்தார்கள். ஜெஃப் சாப்பெல் என்பவர் அதைப் பிரித்துக் கண்டுபிடித்தார். ஆண்ட்ரூ ஷுல்மன் 1993-இல் அதை ஊரறிய எழுதினார். இறுதிப் பதிப்பில் அந்தப் பகுதி இருந்தது, ஆனால் வாயைக் கட்டி விட்டிருந்தார்கள். பிறகு டி.ஆர். டாஸை வாங்கிய கால்டெரா 1996-இல் வழக்குப் போட்டு, 2000 ஜனவரியில் சமரசமாக முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கொடுத்தது 28 கோடி டாலர் என்பது வெளியே தெரியவே ஒன்பது ஆண்டு ஆயிற்று. சி.பி.எம்.மின் பேச்சைப் பேசி வளர்ந்த டாஸ், தன் பேச்சை இன்னொருவர் பேசினால் பொறுக்காது என்ற நிலை வந்ததைக் கவனியுங்கள்.

இதே சமயத்தில் நடந்தது ஓ.எஸ். 2-வின் கதை. ஐ.பி.எம்.மும் மைக்ரோசாஃப்டும் கூட்டாகத் தொடங்கிப் பிறகு பிரிந்த குடும்பம் அது. 1992-இல் ஐ.பி.எம். தனியாக வெளியிட்ட ஓ.எஸ். 2 இரண்டாம் பதிப்பு உண்மையிலேயே நல்ல சரக்கு. பழைய ஒப்பந்தப்படி விண்டோஸின் மூல நிரலே கையில் இருந்ததால், விண்டோஸ் ப்ரோகிராம்களை அப்படியே ஓட்டியது. விண்டோஸைவிடச் சிறந்த விண்டோஸ் என்றே விளம்பரம் செய்தார்கள். மென்பொருள் கம்பெனிகள் கணக்குப் போட்டுப் பார்த்தன. விண்டோஸுக்கு எழுதினால் இரண்டு வீட்டிலும் ஓடும், ஓ.எஸ். 2-வுக்கு எழுதினால் ஒரு வீட்டில்தான் ஓடும். யார் எழுதுவார்கள்? மைக்ரோசாஃப்ட் 32-பிட்டுக்குத் தாவியபோது ஐ.பி.எம். கையில் இருந்த நிரல் பழையதாகிப் போனது. மெமரி விலை, கடையிலேயே விண்டோஸ் போட்டு விற்ற கம்ப்யூட்டர்கள் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அடுத்த வீட்டுச் சமையலை நம்பி அடுப்பை அணைத்தவன் கதைதான் இது என்பது என் அபிப்பிராயம். 2006 முடிவில் ஐ.பி.எம். ஓ.எஸ். 2-வுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது.

சன் நிறுவனமும் 1993-இல் தன் யூனிக்ஸ் மெஷின்களில் விண்டோஸ் ப்ரோகிராம்களை ஓட்ட 'வாபி' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 95 வந்ததும் அது பின்தங்கிவிட்டது, சில ஆண்டுகளில் சன்னும் கைகழுவியது. ஆனால் அதைப் பார்த்து, இதையே இலவச லினக்ஸுக்குச் செய்தால் என்ன என்று 1993-இல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் இருவரும் ஆரம்பித்ததுதான் 'வைன்'. மறு ஆண்டே பொறுப்பை ஏற்ற அலெக்சாண்டர் ஜூலியார்ட் முப்பதாண்டு தாண்டியும் அதைக் கட்டிக்காத்து வருகிறார். ஒரே வேலையில் முப்பது வருஷம்! நம் பேட்ச்சில் மூன்று வருஷம் ஒரே கம்பெனியில் இருந்தவனை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வைன் செய்வதென்ன? விண்டோஸ் ப்ரோகிராமை எடுத்து மெமரியில் வைத்து, ப்ராசஸரை நேரடியாகவே ஓட்டச் சொல்லிவிடுகிறது. அந்த ப்ரோகிராம் விண்டோஸின் 'கெர்னல்32', 'யூசர்32' என்ற தொகுப்புகளைத் தேடி வரும்போது, அதே பெயரில் தான் எழுதி வைத்தவற்றைக் கொடுக்கிறது. ஃபைலைத் திற என்றால் லினக்ஸ் முறையில் திறந்து, விண்டோஸ் முறையில் பதில். கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? விண்டோஸில் ஃபைல் பெயரைப் பெரிய எழுத்தில் சொன்னாலும் சிறிய எழுத்தில் சொன்னாலும் ஒன்றே. லினக்ஸில் இரண்டும் வேறு வேறு. ஆக, ஒரு ஃபைலைத் திறப்பதற்குக்கூட ஃபோல்டர் முழுவதும் தேட வேண்டி வரலாம். லினக்ஸில் 'சி' டிரைவ் என்று ஒன்று கிடையாது; அதற்கும் ஒரு ஃபோல்டரை வேஷம் கட்டி நிறுத்த வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான வேண்டுகோள்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், புத்தகத்தில் எழுதியிருப்பதை மட்டும் செய்தால் போதாது என்பது. ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் புத்தகத்தைப் பார்த்து எழுதுவதில்லை. (நாம் எழுதினோமா?) ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். மைக்ரோசாஃப்டே இதில் மாட்டிக்கொண்டது. சிம்சிட்டி என்ற விளையாட்டு, வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த மெமரியை மறுபடி படிக்கும் தவறைச் செய்தது. பழைய விண்டோஸில் அது வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95-இல் விளையாட்டு விழுந்துவிட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடுவது சிம்சிட்டிதான் என்று தெரிந்தால், திருப்பிக் கொடுத்த மெமரியை உடனே எடுத்துக்கொள்ளாமல் இருக்கும்படி விண்டோஸையே மாற்றினார்கள். அதே விண்டோஸ் 95, "நீ எத்தனையாவது பதிப்பு?" என்று கேட்கும் பழைய ப்ரோகிராம்களிடம் 4.0 என்று உண்மை சொல்லாமல் 3.95 என்று சொன்னது. பதிப்பு எண்ணைத் தப்பாக ஒப்பிட்டுப் பார்த்த ப்ரோகிராம்கள் அவ்வளவு இருந்தன.

சொந்த வீட்டுக்காரருக்கே இந்தப் பாடென்றால் வைன்காரர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் விண்டோஸின் மூல நிரலைப் பார்க்கவும் கூடாது. எங்காவது கசிந்து கிடந்து பார்த்தவர் என்றால் அவர் எழுதியதைச் சேர்க்க மாட்டார்கள். எனவே ஒரே வழி, சோதனை. சின்னச் சின்ன ப்ரோகிராம் எழுதி உண்மையான விண்டோஸில் ஓட்டுவது. சரியான கேள்விக்கு மட்டுமல்ல, தப்பான கேள்விக்கு அது என்ன பதில் தருகிறது என்று குறித்துக்கொள்வது. அதே தப்புப் பதிலை வைனிலும் வரவைப்பது. விண்டோஸில் ஒரு கோளாறு இருந்தால் வைனிலும் அந்தக் கோளாறு இருக்க வேண்டும். திருத்தினால் ஏதாவது ஒரு ப்ரோகிராம் படுத்துவிடும். நல்ல எஞ்சினியருக்கு இதைவிடக் கடினமான பணிவு உண்டா என்று தெரியவில்லை.

1993-இல் ஆரம்பித்தது 1.0 என்ற எண்ணைத் தொட்டது 2008 ஜூன் 17-இல். பதினைந்து ஆண்டு! இடையில் 2002-இல் ஒரு பூசல். யாரும் எடுத்து மூடி வைத்துக்கொள்ளலாம் என்ற உரிமத்தில் இருந்ததால், ட்ரான்ஸ்கேமிங் என்ற கம்பெனி வைனை எடுத்து, விளையாட்டுகளுக்கான பகுதிகளைச் சேர்த்து விற்றது. சேர்த்தவற்றில் எல்லாமே திரும்பி வரவில்லை. மாற்றியதை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற எல்.ஜி.பி.எல். உரிமத்துக்கு வைன் மாறியது அதனால்தான். கோட்வீவர்ஸ் என்ற இன்னொரு கம்பெனியோ வைனை விற்றுப் பிழைத்துக்கொண்டே தன் வேலையைத் திருப்பித் தந்துவந்தது. ஜூலியார்டுக்குச் சம்பளம் அங்கேதான்.

பெரிய திருப்பம் விளையாட்டால் வந்தது. விளையாட்டுகளை விற்கும் வால்வ் நிறுவனம், மைக்ரோசாஃப்டைச் சார்ந்திருக்க அஞ்சி, 2015-இல் லினக்ஸ் கம்ப்யூட்டர்களைக் களமிறக்கியது. லினக்ஸுக்கென்றே விளையாட்டுகளை எழுதுங்கள் என்று எல்லோரையும் கேட்டது. சிலர் எழுதினார்கள், பலர் எழுதவில்லை. அந்த மெஷின்கள் விலைபோகவில்லை. பிலிப் ரெபோலே என்ற ஜெர்மானிய இளைஞர், தான் ஆசைப்பட்ட ஒரு ஜப்பானிய விளையாட்டை லினக்ஸில் ஆட வேண்டும் என்பதற்காக, விண்டோஸின் டைரக்ட்3டி 11 படக் கட்டளைகளை வல்கன் என்ற பொது முறைக்கு மாற்றும் 'டி.எக்ஸ்.வி.கே.'யை எழுதத் தொடங்கினார். வால்வ் அவரை வேலைக்கு அமர்த்திக்கொண்டது. வைனும் அதுவும் சேர்ந்து 2018 ஆகஸ்டில் 'ப்ரோட்டான்' ஆயிற்று. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் இருப்பது லினக்ஸ்தான். அதில் ஆடுகிற பையன்களில் பலருக்கு, தான் ஆடுவது விண்டோஸ் விளையாட்டு என்பதே தெரியாது.

அப்படியானால் ஓ.எஸ். 2-வின் நோய் லினக்ஸுக்கும் வராதா? வருகிறது. 2020-இல் ராக்கெட் லீக் என்ற விளையாட்டை எழுதியவர்கள் தங்கள் லினக்ஸ் பதிப்பை நிறுத்திவிட்டார்கள். வேண்டுமானால் ப்ரோட்டானில் முயன்று பாருங்கள் என்றார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஐ.பி.எம். கையில் இருந்தது இரவல் நிரல், ஒப்பந்தம் முடிந்ததும் ஊற்று அடைத்துவிட்டது. வைன் அவர்களே வெட்டிய கிணறு. 2025 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.14-இல், விண்டோஸ் ப்ரோகிராமின் பல இழைகள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் முறையை அப்படியே நடத்திக்கொடுக்கும் ஒரு பகுதி லினக்ஸின் மையத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. புகுந்த வீட்டில் மருமகளுக்காகச் சமையலறையையே மாற்றிக் கட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மைக்ரோசாஃப்டும் சும்மா இல்லை. 2016-இல் விண்டோஸுக்குள் லினக்ஸ் ப்ரோகிராம்களை ஓட்ட, இதே மாதிரி வேண்டுகோள்களுக்குப் பதில் சொல்லும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். லினக்ஸ் மையத்தின் வேண்டுகோள்கள் சில நூறுதான். அப்படியும் ஃபைல் வேலைகள் மந்தமாக இருந்தன. சில ப்ரோகிராம்கள் ஓடவே இல்லை. 2019-இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் அந்த வழியை விட்டுவிட்டு, உண்மையான லினக்ஸ் மையத்தையே ஒரு பொய் கம்ப்யூட்டருக்குள் வைத்து ஓட்டினார்கள். அத்தனை பணமும் ஆளும் உள்ளவர்கள் நான்கு ஆண்டுக்குள் விட்ட வழியில், வைன்காரர்கள் முப்பதாண்டுக்கு மேலாக நடக்கிறார்கள்.

இன்னொருவர் வைத்த பெயர்களையும் கேள்விகளையும் எடுத்துப் பயன்படுத்துவது திருட்டு ஆகாதா என்ற கேள்விக்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. ஜாவாவின் அறிவிப்பு வரிகள் சுமார் 11,500-ஐ ஆண்ட்ராய்டில் எடுத்தாண்டதற்காக கூகுள் மேல் ஆரக்கிள் 2010-இல் வழக்குத் தொடுத்தது. 2021 ஏப்ரல் 5-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் அது நியாயமான பயன்பாடே என்றது. அத்தகைய வரிகளுக்குக் காப்புரிமை உண்டா இல்லையா என்ற மூலக் கேள்வியை மட்டும் தொடாமல் விட்டுவிட்டது. வக்கீல்களுக்கும் பிழைப்பு வேண்டுமே.

சீனியரின் சி.டி.க்கு வருகிறேன். அவருடைய ப்ரோகிராம் 16-பிட். 2021-இல் வந்த விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. எனவே பிறந்த வீட்டின் கதவு அதற்கு மூடிவிட்டது. என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் வைனைக் கொண்டு திறந்தேன். முதல் ஞாயிறு, 'விபிரன்300' என்ற தொகுப்பைக் காணோம் என்று நின்றது. விஷுவல் பேசிக் 3-இல் எழுதிய எந்த ப்ரோகிராமுக்கும் அது இல்லாமல் முடியாது. சி.டி.யிலேயே வேறொரு ஃபோல்டரில் கிடந்தது, எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டாம் ஞாயிறு திரை எழுந்தது. சாம்பல் நிற ஜன்னல், மேலே நம் கல்லூரிப் பெயர், கீழே மூன்று பேர் பெயர், ரோல் நம்பரோடு.

வீடியோ காலில் காட்டினேன். பில் தொகைகளையெல்லாம் சரியாகத்தான் காட்டியது. அச்சடிக்கும்போது மட்டும் எழுத்து ஒரு பக்கம் ஒதுங்கியது. அவர் பில்லைப் பார்க்கவில்லை. முதல் திரைக்கே திரும்பப் போகச் சொன்னார். மூன்றாவது பெயரைக் காட்டி, "இவன் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு தம்பி. அந்த ஸ்க்ரீனை அவன்தான் ராத்திரி பூரா உக்காந்து பண்ணான்" என்றார். பிறகு, மெஸ் பில்லில் எக்ஸ்ட்ரா ஆம்லெட்டுக்கு எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். இரண்டு ரூபாய் ஐம்பது காசு.